மூன்று எண்களுக்கான இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறாதே என்றால் மட்டும் காது கேட்பதில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் கணக்குத் தாளைத் தானாக நிரப்ப நான் எழுதித் தந்த மேக்ரோ நிரல் நின்றுபோனதற்கு நீ காரணமில்லை. நான்தான்.

நீ இருக்கும் நாட்டுக் கணினிகளில் வட்டார மொழி அமைப்பு வேறு. ஏழு புள்ளி இரண்டை 7,2 என்று காற்புள்ளி போட்டுத்தான் காட்டும். என் மேக்ரோ ஒவ்வொரு தண்ணீர் மாதிரியின் மூன்று அளவுகளையும் காற்புள்ளி வைத்து ஒரே வரியாகக் கோத்து, பிறகு காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டும். இங்கே மூன்று துண்டு வந்தது. அங்கே ஆறு. மூன்றுக்குத்தான் இடம் விட்டிருந்தேன்; படுத்துவிட்டது. என் மேசையில் ஓடினால் ஊரெல்லாம் ஓடும் என்ற நினைப்பு.

போனில் நீ, நான் ஒண்ணும் தொடலடா, அளவுகளைக் கையால எழுதிவச்ச நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புறேன் பாரு என்றாய். நீ எதையோ அழுத்தித் தொலைச்சிருப்பே என்று கத்தினேன். கணினி இருக்கும்போது நோட்டு எதுக்கு என்று கிண்டல் வேறு. நீ அனுப்பிய படங்களை நேற்றுதான் திறந்தேன்.

அதைவிடப் பெரிய தப்பு, அமைப்பையே அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்று என்று சொன்னது. அது பொதுக் கணினி என்றாய்; நான் காதில் வாங்கவில்லை. அதே கணினியில் அடுத்த மேசைக்காரர் வைத்திருந்த கணக்குத் தாள்களில் நாளும் மாதமும் இடம் மாறி, பழி உன் தலையில் விழுந்தது. அதுவும் உன்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை முடிவெடுக்கப்போகிற நேரத்தில்.

முதலில் அமைப்பைப் பழையபடி மாற்றிவிடு. பிறகு இத்துடன் அனுப்பும் புதிய கோப்பைப் போடு. காற்புள்ளிக்குப் பதில் செங்குத்துக் கோடு வைத்திருக்கிறேன். இந்த முறை என் கணினியை அங்குள்ளதைப் போலவே மாற்றிவைத்து, உன் நோட்டிலிருந்த நாற்பது மாதிரிகளையும் ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. நோட்டில் ஓர் எண்கூடத் தப்பில்லை.

உன் மேலாளருக்கும் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு இணைத்திருக்கிறேன். என்ன நடந்தது, யார் தப்பு என்று அதில் இருக்கிறது. அச்செடுத்து வெள்ளிக்கு முன்னால் கொடு. தம்பியைக் காட்டிக்கொடுப்பதா என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளாதே. நான் உடைத்த ரேடியோவுக்கு நீ அப்பாவிடம் வாங்கிய அடி போதும்.

கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. நோட்டில் எழுதுவதை விடாதே.

உன் தம்பி