விசாலத்தின் தோள்

மாட்டுங்கா, 12 ஆகஸ்ட் 1964, புதன்.

உயரத்தில் கட்டிய மூங்கிலில் ஈரப்புடவையைக் கோலால் தூக்கிப் போடும்போது என் மனைவி விசாலத்தின் வலது தோள்மூட்டு போன மாதம் மூன்றாம் முறையாக நழுவியது. இன்று எலும்பு டாக்டரிடம் காட்டினோம். அவர் அவள் முழங்கையை மடக்கி, கையைப் பக்கவாட்டில் உயர்த்தி, மெல்லப் பின்னால் சாய்த்தார். தோளைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்தார்.

“வலிக்கறதா மாமி?”

“இல்லையே, நீங்க பாட்டுக்குத் திருப்புங்கோ.”

சொல்லும்போதே முகம் வெளிறி, மறு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நிருபராக விபத்திலும் கலவரத்திலும் எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன். இவள் முகத்தில் இந்தப் பயத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

“இந்தப் பயம்தான் அடையாளம். மூட்டோட முன்பக்கம் கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணித் தைக்கணும்” என்றார் டாக்டர். பிறகு கை பழையபடி வெளிப்பக்கம் திரும்பாதாம்.

“அப்போ கொண்டையை இவர்னா போட்டுவிடணும்? இவருக்கு வேஷ்டியே இடுப்புல நிக்காது!” என்றாள் விசாலம். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷன் திங்கட்கிழமை. அதுவரை தூக்கத்தில் கை தலைக்கு மேல் போனால்கூட நழுவலாம், இன்னொரு முறை நழுவினால் நரம்பு கெட்டு விரல்கள் மரத்துப்போகலாம் என்று அவர் என்னிடம் மட்டும் தனியே சொன்னார். கையை மார்போடு சேர்த்துத் துணியால் கட்டிப் படுக்க வைத்தேன். புழுக்கம் தாங்காமல் தூக்கத்திலேயே முடிச்சை இழுத்துத் தளர்த்திவிட்டாள். மறுபடி கட்டப் போனால் திடுக்கிட்டுக் கையை உதறுவாளோ என்று பயம். அப்படியே விடவும் பயம். பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இப்போது புரண்டு படுக்கிறாள், கை மேலே—