பார் இல்லாத சைக்கிள்

புது டயரின் ரப்பர் வாசனை முன்னறையை நிறைத்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் ஹட்டன் டவுனில் சைக்கிள் வாங்கினேன். பிரஷர் கூடியிருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய் வாருங்கள், உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிதிக்கச் சொன்னவருக்கு நம் தேயிலைத் தோட்டத்து ரோடு தெரியாது. போகும்போது இறக்கம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். வரும்போது ஏற்றம், தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

கடைக்காரர் நடுவில் குறுக்குப் பார் வைத்த சைக்கிளைத்தான் எடுத்து வைத்தார். "பார் இல்லாதது காட்டுங்க" என்றேன்.

"மகளுக்காங்க ஐயா?"

"எனக்குத்தான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நீ கண்ணை மூடிய பிறகு உன் வேலைக்கு வந்த புது மருத்துவச்சியிடம் உன் சைக்கிளைக் கொடுத்துவிட்டேன். அது பழசு. வழியில் நின்றுவிட்டால், சேலை கட்டிய பெண் ஏறக்கூடிய இன்னொரு சைக்கிள் இந்தத் தோட்டத்தில் வேண்டாமா? இதையெல்லாம் அவரிடம் எங்கே விளக்குவது? முழங்கால் வலி என்று சொல்லி வைத்தேன்.

நாம் முதல் சைக்கிள் வாங்கியதும் இதே கடையில்தான். அப்போது அவருடைய தகப்பனார் கடையில் இருந்தார். அதற்கு முந்தின வாரம் தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்து கூப்பிட, மழையில் நடந்தே போனாய். தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கார் இருந்தது, நமக்குக் கால்தான். நீ போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் இரத்தம் போய் இறந்துவிட்டாள். திரும்பி வந்து, காலில் சேறோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாய். தேத்தண்ணி கொடுத்தேன், தொடவில்லை. "சைக்கிள் இருந்திருந்தா போய்ச் சேந்திருப்பேங்க" என்று மட்டும் சொன்னாய்.

நம் இருவர் சம்பளத்துக்கும் சேர்த்து ஒரு சைக்கிள்தான் முடியும். எனக்குப் பார் வைத்தது வேண்டும். பிரேம் உறுதி, பாரம் தாங்கும், குண்டும் குழியுமான ரோட்டுக்கு அதுதான் சரி என்றேன். கடைப் பெரியவரும் ஒத்து ஊதினார்.

"சேலையோட நான் எப்படிங்க அதுல காலைத் தூக்கிப் போடுறது?" என்றாய்.

"அதுக்காக நான் பொம்பளை சைக்கிள்லயா பள்ளிக்கூடம் போறது? புள்ளைங்க சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். ரெண்டு நாளைக்குச் சிரிக்கும், அப்புறம் மறந்துடும். நான் பிந்திப் போனா அந்த வீட்டுல யாருங்க மறப்பா?"

பார் இல்லாததையே எடுத்து வைக்கச் சொன்னேன். சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு வலையும் போடச் சொன்னாய். வலை கட்டிய சைக்கிளில் வாத்தியார்! என் மானம் கப்பலேறியது. பிள்ளைகள் இரண்டு நாள் இல்லை, ஒரு மாதம் சிரித்தார்கள். அந்தக் கணக்கில் நீ தவறிவிட்டாய்.

பகலில் ஆள் வந்தால் பள்ளிக்கூடத்துக்கே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போவாய். நான் நடந்து வீடு திரும்புவேன். "வாத்தியாரு நடந்து போறாரு, எங்கயோ புள்ள பொறக்குது" என்று தொழிலாளர் லயத்துப் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். எனக்கு அது பிடித்துப் போயிற்று. வெந்நீர் போட்டு வைத்துவிட்டு வாசலில் நிற்பேன். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போதே முகத்தில் சேதி தெரிந்துவிடும். எல்லா நாளும் நல்ல சேதி என்று சொல்ல முடியாது. ஆனால் வழியில் நேரம் போய்விட்டதே என்று நீ அழுததில்லை.

இன்று காலை வகுப்பில் இருந்தபோது புது மருத்துவச்சி மூச்சிரைக்க வந்து நின்றாள். "டயர் வெடிச்சிருச்சுங்க ஐயா. கீழ் டிவிசன்ல ஒரு பொண்ணுக்கு வலி வந்து ரொம்ப நேரமாச்சாம்." வெளியே நின்ற சைக்கிளைக் கைகாட்டினேன். சேலையை ஒரு கையால் ஒதுக்கி ஏறிப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நடந்து வந்தேன். வெந்நீர் போட்டேன், வாசலில் நின்றேன். யாருக்கு வெந்நீர் என்று கேட்காதே.

சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "பொம்பளைப் புள்ளைங்க ஐயா. தாயும் புள்ளையும் சொகம்."

அவள் போனதும், உன்னிடம் சொல்ல அவசரமாக உள்ளே திரும்பினேன். அடுப்படி வரைக்கும் போய்விட்டேன்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.