ஐந்து வருடச் சுவர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நான்கு தெரு தள்ளி இருக்கும் அக்காவுக்குத் தபால்தலை ஒட்டும் தம்பி உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நகராட்சியின் கலைப் பிரிவில் நீ அலுவலர், நகராட்சிக்குச் சுவர் ஓவியம் வரைந்தவன் உன் தம்பி. நேரில் பேசினால் சலுகை என்பார்கள். சரி, எழுதியே தொலைக்கிறேன்.

ஓவியம் முடிந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. இந்தத் தெருக்காரர்கள் கூட்டம் போட்டு, கை தூக்கித் தேர்ந்தெடுத்த படம். இருப்பதும் அவர்கள் முகங்கள்தான். நேற்று ஒரு வேன் உரசித் தையல்கார அம்மாவின் கன்னம் பெயர்ந்துவிட்டது. "என் மூஞ்சிய இப்படியே விட்டுட்டுப் போயிடுவியாப்பா?" என்று கேட்டார். எங்கே போவது? ஒப்பந்தப்படி, சேதமானால் ஏழு நாளுக்குள் நானே சரிசெய்ய வேண்டும், அதுவும் ஐந்து வருடத்துக்கு!

என் பெண்டாட்டி மாற்றலாகிப் பாப்பாவோடு போன ஊர் ஒன்றரை நாள் பயணம். ஜூனில் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம். "அப்பா, நீங்க செவுத்தோடதான் இருப்பீங்களா?" என்று போனில் கேட்கிறாள். என்னையும் உள்ளே வைத்துப் பூசிவிட்டது போல மூச்சு முட்டுகிறது, அக்கா. ஏதாவது வழி உண்டா?

உன் தம்பி

மார்ச் 11

செல்லத் தம்பிக்கு,

விதியை நானா போட்டேன்? முன்பெல்லாம் வரைந்துவிட்டுப் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. உரிந்த சுவரைக் காட்டி வார்டு உறுப்பினர் என்னைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் அந்தப் பக்கம் போனேன். ஏணி மேல் நின்றுகொண்டிருந்தாய். இளைத்துவிட்டாய். வேளாவேளைக்குச் சாப்பிடு. பாப்பா போட்டோ ஒன்று அனுப்பக் கூடாதா?

உன் அக்கா

மார்ச் 20

அக்கா,

தண்ணீர்த் தொட்டியில் வரைந்த நண்பனைப் பார்த்தேன். அவன் ஒப்பந்தத்தைக் காட்டினான். அதே தாள், அதே நிபந்தனை. ஆனால் ஒரு வருடம். பூங்காவில் சிலை செய்த பெண்ணுக்கும் ஒரு வருடம்தான். எனக்கு மட்டும் ஐந்து. தட்டச்சு செய்தவர்கள் தவறு செய்துவிட்டார்களா? அப்படியென்றால் திருத்திக் கொடு. ஆகஸ்டில் கிளம்பிவிடுவேன்.

தம்பி

மார்ச் 24

தம்பி,

தவறு இல்லை. நான்தான் மாற்றினேன்.

உன் அத்தான் போன பிறகு இந்த ஊரில் எனக்கென்று இருப்பது நீ ஒருவன்தான். நீயும் போகப்போகிறாய் என்று கேள்விப்பட்ட அன்று உன் ஒப்பந்தம் என் மேஜையில் இருந்தது. ஒன்றை எடுத்துவிட்டு ஐந்து என்று அடித்தேன். நீ படிக்காமலே கையெழுத்துப் போடுவாய் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போது திருத்த ஆணையரின் கையெழுத்து வேண்டும். காரணம் கேட்பார். திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். என் வேலை போகும், போகட்டும். ஒப்பந்தம் செல்லாமல் போகும், நீ பாப்பாவிடம் போகலாம். ஆனால் ஒப்பந்தம் இல்லாத ஓவியத்தை விட்டுவைக்க மாட்டார்கள், வெள்ளையடித்துவிடுவார்கள்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா

மார்ச் 27

பெறுநர்: கலைப் பிரிவு அலுவலர், நகராட்சி

அம்மையீர்,

வணக்கம். தாங்கள் ஆணையரிடம் எதுவும் சொல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். சுவரில் உள்ள முப்பத்தொரு பேரும் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. அவர்கள் முகத்தில் வெள்ளையடிக்க என்னால் சம்மதிக்க முடியாது.

எனவே ஐந்து வருடமும் ஒப்பந்தப்படி இங்கேயே இருப்பேன். என் மனைவிக்கும் மகளுக்கும் தெரிவித்துவிட்டேன். மகள் அதன் பிறகு போனுக்கு வருவதில்லை.

இனிமேல் சேத அறிக்கைகள் மட்டும் தங்களுக்கு வந்து சேரும். தம்பி என்று விலாசமிட்டு வரும் கடிதங்கள் பிரிக்கப்படாமல் திருப்பி அனுப்பப்படும்.

இப்படிக்கு,
ஒப்பந்த ஓவியர்