கெளிறனின் கடைசிக் குமிழி

இன்று பின்னேரம் மகளின் டீசேர்ட்டை அயன் பண்ணும்போது துணியைப் புரட்டிப் போட மறந்துவிட்டேன். காத்தான்குடிக் கடையில் அவளே அடம்பிடித்து எடுத்தது. நெஞ்சில் முகமூடி போட்ட ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு முறைக்கிறான். வெளிநாட்டுப் படங்களில் ஆட்களை அடித்தும் சுட்டும் திரிகிறவன். சூடு பட்டதும் அவன் முகம் பாதி இழுபட்டு அயன்பெட்டியில் ஒட்டிக்கொண்டது. கருகிய பிளாஸ்டிக் வாசம் எழும்பியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். நம் வளாகத்துக்கு முன்னால் இருந்த போட்டோக்கொப்பிக் கடையின் வாசம் அது. மெஷினில் தாள் சிக்கி, சூடேறி, கடைக்காரர் நம்மை முறைக்கும்போது வருமே, அதே வாசம். நீ அந்தச் சூட்டுத் தாள்களை முகத்தில் வைத்து, "போறணையில சுட்டெடுத்த பாண் மாதிரி இரிக்கு கா" என்பாய்.

மகள் அழுது தூங்கிவிட்டாள். இவரும் படுத்துவிட்டார். உனக்குச் சொல்ல ஒரு விசயம் கிடக்கிறது. கொஞ்ச நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

கெளிறன் பிறந்த கதையை உனக்கே நான் சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் அங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குக் கை ஓடும். இரண்டாம் வருடம், விரிவுரை நடந்துகொண்டிருந்தது. கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு தோணியும், அதில் குந்தியிருக்கும் மெலிந்த ஓர் ஆளும் வரைந்து என் பக்கம் தள்ளினாய்.

"ஆர் இவன்?"

"கள்ளன். இரவில வாவியில மற்றாக்கள்ட வலையத் தூக்குவான்."

"மறுகா திருந்துவானா?"

"ஏன் திருந்தணும்?"

பிடிக்கிறவன் கையில் முள்ளை ஏற்றுகிற கெளிறு மீனின் பெயரை அவனுக்கு வைத்தாய். நீ வாசித்த சித்திரக்கதைகளில் அட்டையில் வருகிற நாயகர்கள் உனக்குப் பிடிக்காது. இதழின் கடைசியில், இடம் நிரப்பப் போடுகிற குட்டிக் கதைகளில் வருவார்களே, அவர்களைத்தான் தேடி வாசிப்பாய். நல்லவர்கள் என்று சொல்ல முடியாது, முழுக்கக் கெட்டவர்கள் என்றும் தள்ள முடியாது. கூலிக்கு அடிப்பான், கூட இருந்தே காட்டிக்கொடுப்பான், கடைசி நேரத்தில் ஒரு நல்லது செய்துவிட்டு அதற்கும் காசு கேட்பான். ஒன்றிரண்டு இதழ்களில் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போவான். அவனுக்குப் படம் எடுக்க மாட்டார்கள், பொம்மை செய்ய மாட்டார்கள். "அட்டைக்கு வராத ஆக்கள்" என்று அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தாய். "அட்டைக்கு வாறவன ஊரே பாக்கும். இவன நாம பாக்காட்டி ஆரு பாக்கிற?"

படம் நீ, வசனம் நான் என்று ஒப்பந்தம். அதில் நாம் விட்ட பிழை உனக்கு நினைவிருக்கிறதா? ஆங்கிலச் சித்திரக்கதைகளைப் பார்த்துப் பழகிய கை உன்னுடையது. பேச்சுக் குமிழிகளைச் சின்னஞ்சிறிதாக, முதலிலேயே மையால் போட்டு முடித்துவிடுவாய். என் தமிழ் அதற்குள் அடங்காது. "பசிக்கிறவனுக்கு யாருடைய வலை என்று பார்க்க நேரமில்லை" என்று நான் பெருமையாக எழுதிவந்த வசனத்தை, குமிழியில் போட்டுப் பார்த்துப் பார்த்து வெட்டி, கடைசியில் "பசி" என்ற ஒரு சொல்லில் நிறுத்தினோம். அப்படித்தான் கெளிறன் வாய் திறக்காத ஆளானான். ஒரு விரிவுரையாளர் நம்மைக் கூப்பிட்டு, "இந்த மௌனம் ஒரு நல்ல உத்தி" என்று பாராட்டினார். வெளியே வந்து, மாமரத்தடியில், வயிறு நோகச் சிரித்தோம்.

ஒவ்வொரு இதழும் போட்டோக்கொப்பிதான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புத்தகக் கடை வைத்திருந்த நானா, சோதிடப் புத்தகங்களுக்குப் பின்னால் அவனைத் தொங்கவிட்டார். "கொஞ்சம் முன்னுக்குப் போடுங்களன் நானா" என்று நீ கெஞ்சுவாய். "புள்ள, கள்ளன்ட கதைய கள்ளனும் காசு குடுத்து வாங்கமாட்டான். எடுத்திட்டுப் போயிருவான்" என்பார். மெய்தான். இரண்டு இதழ்கள் அப்படித்தான் காணாமல் போயின. நமக்குக் கிடைத்த ஒரே வாசகன் கள்ளன் என்று நீ சந்தோசப்பட்டாய்.

மாரி மழை தொடங்கின கையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். கடைசியாகப் போனில் கதைத்தபோது குரல் நூலாக இருந்தது. "கடைசி இதழ் முடிஞ்சி கா. கடைசிக் குமிழி மட்டும் வெறுமையாக் கிடக்கு. நீ நிரப்பு." அந்தப் படத்தில் கெளிறன் விடியற்காலையில் தோணியில் தனியே இருக்கிறான். முந்தின பக்கத்தில் தனக்குச் சோறு போட்ட கிழவரின் வலைதான் அவன் மடியில். நேராக நம்மைப் பார்க்கிறான். தலைக்கு மேலே வெறும் குமிழி.

நான் நிரப்பவில்லை. உன் செத்த வீட்டுக்குப் பிறகு அந்தத் தாளைத் தொடவே ஒரு மாதிரி இருந்தது. பிறகு கலியாணமானது, மகள் பிறந்து வளர்ந்தாள். சிரட்டையில் தண்ணீர் நின்றால் கவிழ்க்கிறேன், பின்னேரமானால் அவளுக்கு நீளக் கை உடுப்புப் போடுகிறேன், பக்கத்து வளவுக்குள்ளும் போய் எட்டிப்பார்க்கிறேன். அயலில் எனக்கு "நுளம்பு மிஸ்" என்று பட்டம்.

இதற்குள்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. பள்ளிக்கூட நூலகங்களுக்குப் புத்தகம் அச்சிட்டுக் கொடுக்கிற ஒரு திட்டத்தில் பொறுப்பாக இருக்கிறவர். யாரோ வீட்டில் நம் இதழ்களைப் பார்த்தாராம். நான் அவரை மிஸ் என்றேன், அவரும் என்னை மிஸ் என்றார்.

"படம் அவ்வளவு நல்லா இரிக்கு, சொல்லி வேலையில்ல மிஸ். எல்லாத்தையும் ஒரு புத்தகமாப் போடலாம், அவட பேர் அட்டையில வரும். ஆனா, பள்ளிக்கூடத்துக்குப் போறதுதானே. கடைசியில அவர் திருந்தினா நல்லம்."

கெளிறனை மரியாதையாக "அவர்" என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். கடைசி இதழ் ஒரு குமிழி நிரம்பாமல் கிடப்பதைச் சொன்னேன்.

"படத்தில கைவைக்கத் தேவையில்ல. கடைசிக் குமிழி வெறுமையாத்தானே கிடக்கு. அதில 'இனிக் களவெடுக்க மாட்டன்' எண்டு ஒரு வசனம் போட்டா முடிஞ்சி."

எனக்கு வாய்வரைக்கும் ஒரு பதில் வந்தது. வெளிநாட்டுக் கொலைகாரன் என் பிள்ளையின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நேர்சரிக்குப் போகிறான். அவன் திருந்தினானா என்று எந்தக் கடையிலும் கேட்பாரில்லை. நம் வாவியில் நாலு வலை தூக்கினவனிடம் மட்டும் நற்சான்றிதழ் கேட்கிறார்கள். பெரிய ஊர்க் கள்ளனாகப் பிறந்திருந்தால் அவனுக்கும் டீசேர்ட் கிடைத்திருக்கும். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கிழமைதான் மகள் நேர்சரியிலிருந்து வேறொரு பிள்ளையின் அழிரப்பரைக் கொண்டுவந்திருந்தாள்.

"ஆரு தந்த?"

"ஆரும் தரல்ல. கெளிறன் மாதிரி எடுத்தன்."

உன்னைப் பற்றிச் சொல்வதற்காக நான் காட்டிய படங்கள் அவை. இவர் சிரித்தார். "நல்ல மாமாவத்தான் புள்ளைக்குக் காட்டியிரிக்காய்." பிறகு, "ஒரு வரிதானே, எழுதிக் குடன். பாவம், அந்தப் புள்ளைட பேர் ஒரு புத்தகத்தில வரட்டும்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் என்னைக் களைக்கப்பண்ணியது. அழிரப்பர் மறுநாளே திரும்பிப் போய்விட்டது. வசனம்தான் போகவில்லை.

உன் அம்மாவிடம் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்று, மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி உன் ஊரான வாகரைக்குப் போனேன். அம்மா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா. நான் போனவுடன் வேலியோரத்தில் கிடந்த பழைய டயரைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினேன். "வந்ததும் வராததுமா என்ன மகள் இது" என்று சொன்னாவே தவிர, தடுக்கவில்லை. நான் கொண்டுபோன பக்கங்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்தா.

"இவர் ஏன் தோணியில எப்பவும் தனிய இரிக்கார், சொன்னவளா?"

"ஒரு தோணியில ரெண்டு பேர வரையக் கஷ்டம் எண்டு சொன்னா, அம்மா."

"பொய் சொல்லியிரிக்காள்."

பிறகு, கருவாட்டுக்கு வந்த காகத்தைக் கலைத்துக்கொண்டே, எனக்குத் தெரியாததைச் சொன்னா. "கடல் வந்து எல்லாத்தையும் அள்ளின பிறகு எங்களுக்கு ஒரு துண்டு வலை மிஞ்சல்ல. நாலு வயிறு. அவட அப்பா மற்றாக்கள்ட வலையத் தூக்கினவர். ஒருக்காப் பிடிபட்டுப் போனார். வலை தூக்கினவனோட எங்கட ஆக்கள் ஒரு தோணியில ஏறமாட்டாங்க மகள். மறுகா நிவாரணத்தில வலை வந்தது, தோணி வந்தது. கூடப் போக ஆள் வரல்ல. சாகுமட்டும் தனியத்தான் தொழிலுக்குப் போனார்."

இத்தனை வருசம் உன் அப்பாவுக்குத்தான் நான் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரை அப்படியே, யாரும் திருத்தாமல், யாராவது ஒருக்காப் பார்க்க வேண்டும் என்றுதான் அவ்வளவு பக்கங்களும் வரைந்திருக்கிறாய்.

அப்போதே முடிவெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். "அம்மா, அந்தக் குமிழிய வெறுமையாவே விட்டுருவம். புத்தகமா வராது. பரவாயில்ல."

"அட்டையில அவட பேர் வருமெண்டியே?"

"எழுதிக் குடுத்தாத்தான்."

"அப்ப எழுது."

"அவளுக்கு விருப்பமில்லயே அம்மா, அவர் மன்னிப்புக் கேக்கிறது."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தா. "அவளுக்கு அவர் அப்பா. எனக்குக் கட்டின மனிசன். கிணத்தடியில பொண்டுகள் கதைச்ச கதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிண்டது நான். ஒரு நாள், ஒரு நாளெண்டாலும், அவர் வாய் திறந்து ஒண்டும் சொல்லல்ல. ஒருக்காச் சொல்லட்டும். ஊருக்கில்லாட்டி எனக்கெண்டாலும் சொல்லட்டும்."

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் என் மடியில் தூங்கினாள். நீ ஒரு பக்கம் இழுக்கிறாய், அம்மா ஒரு பக்கம் இழுக்கிறா. வீட்டுக்கு வந்து குமிழியின் அளவுக்கு ஒரு கடதாசித் துண்டு வெட்டி எழுதிப் பார்த்தேன். "என்னை மன்னியுங்கள்" அடங்கவில்லை. மிஸ் சொன்ன வசனம் கிட்டவும் வரவில்லை. "திருந்திட்டன்" அடங்கியது, ஆனால் அது பொய். வலை இன்னும் அவன் மடியிலேயே கிடக்கிறது. ஒன்றை எழுதுவதும் கிழிப்பதுமாகக் கொஞ்ச நாள் போனது. கடைசியில் ஒரு சொல் வந்தது.

"பிழைதான்."

அவ்வளவுதான். இனி எடுக்க மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. ஏன் எடுத்தேன் என்றும் சொல்லவில்லை. இதைக் கேட்டால் நீ கோபிப்பாயா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. போனில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொருக்கா வாசிக்கச் சொன்னா, வாசித்தேன்.

"ஓம்," என்றா பிறகு. "அவர்ட வாயால அவ்வளவுதான் வரும்."

மிஸ்ஸுக்கு அனுப்பினேன். "இது திருந்தினதா இல்லியே" என்றார். என்றாலும் கூட்டத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். போன மாசம் பதில் வந்தது: பள்ளிக்கூடங்களுக்குப் பொருந்தாது என்று முடிவாகிவிட்டதாம். தன்னாலான மட்டும் கதைத்ததாகச் சொன்னார். நம்புகிறேன், அவருடைய குரலிலும் என்னுடைய அதே களைப்பு இருந்தது. உன் அம்மாவுக்கு எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் போனையே தொடாமல் இருந்துவிட்டுச் சொன்னேன்.

"அப்ப பேர் வராதா?"

"இந்தமுறை வராது அம்மா."

"சரி மகள். அவர் சொல்லிட்டார்தானே."

அம்மாவுக்கு அது போதும். எனக்குப் போதாது. கொழும்புக்கும் சென்னைக்கும் அனுப்பிப் பார்த்தேன். இந்த ஆளை எங்கள் வாசகர்களுக்குத் தெரியாதே என்று ஓர் இடத்திலிருந்து அன்பாகவே எழுதியிருந்தார்கள். தெரியாது என்பதால் போடமாட்டார்கள். போடாததால் ஒருவருக்கும் தெரியவராது. இந்த வட்டத்துக்குள் எங்கே நுழைவதென்று எனக்கு விளங்கவில்லை. மகளுக்கு எப்போது மறுபடி அவனைக் காட்டுவது, என்ன சொல்லிக் காட்டுவது என்பதும் விளங்கவில்லை.

நாளைக்கு இன்னோர் இடத்துக்கு அனுப்ப வேண்டும். வரப்போகிற பதில் எனக்குத் தெரியும். கை சோர்ந்துபோய்க் கிடக்கிறது. ஆனாலும் அனுப்புவேன். யாராவது ஒருத்தர் அவரோடு ஒரே தோணியில் ஏறத்தானே வேண்டும். நான் ஏறிவிட்டேன் கா.