கினெம் அக்காவின் படம்

ஜூன் 2

போதும். இருபத்துநான்கு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று.

காலைப் பத்திரிகையில் ஓவியன் பிரசோஜோவின் பேட்டி, அரைப்பக்கம். கூடவே அந்தப் படம்: பெரிங்ஹார்ஜோ சந்தைப் படிக்கட்டில், முதுகில் முட்டைக்கோஸ் மூட்டையோடு மூச்சு வாங்க நிற்கும் கினெம் அக்கா. அவனுடைய புதிய புத்தகத்தின் அட்டையாம். அது என் படம். நாங்கள் ஒரே அறையில் தங்கி, ஒரே நோட்டில் மாறி மாறி வரைந்த காலத்தில் நான் வரைந்தது. பிரிவதற்கு முன்பே அதை நகலெடுத்து, வண்ணம் பூசி, பெயர் போட்டுக்கொண்டான்.

எங்கிருந்து ஊக்கம் பெறுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சந்தையிலிருந்து என்கிறான். அவனைச் சந்தைக்குக் கூட்டிப்போனதே நான்தான்.

ஜூன் 4

என்னை யாரும் கேட்கப் போவதில்லை. நானே எழுதி வைக்கிறேன். அந்த நாட்களில் காலை ஐந்து மணிக்குச் சந்தை. நின்றுகொண்டுதான் வரைவேன், சுமையோடு நிற்பவர்களை உட்கார்ந்து வரைவது மரியாதையில்லை. முதலில் பாதம். பாரம் அங்கேதான் இறங்குகிறது. முகம் கடைசியில். அழிப்பான் கிடையாது. பார்ப்பவனுக்குத் தோள் வலிக்க வேண்டும். இதைத் தவிர வேறு லட்சியம் எனக்கு இருந்ததில்லை.

இப்போது பாடப்புத்தகங்களுக்குத் தவளையின் குடல் வரைந்துகொண்டிருக்கிறேன்.

ஜூன் 5

பத்திரிகைக்குக் கடிதம். மூன்று பக்கம். நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 7

மனைவி ரெத்னோவிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து சோயாத் தெம்பே பொரிக்கப் போய்விட்டாள். இருபது வருடமாக என் புலம்பலைக் கேட்கிறவள். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"இது அச்சானா அந்த மனுஷன் தலை நிமிர முடியாது. தெரிஞ்சுதான செய்யுறீங்க?"

தெரிந்துதான் என்றேன்.

"அப்ப ஆதாரத்தையும் சேத்து வைங்க. வெறும் கோவத்த எவன் அச்சடிப்பான்?"

சரிதான். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பிரியும்போது எடுத்துவந்தேன். கட்டிய கயிற்றை அன்றிலிருந்து அவிழ்க்கவேயில்லை.

ஜூன் 8

அவிழ்த்தேன். ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறது. படம் முழுதாக இருக்கிறது.

நிழலுக்குப் போட்ட கோடுகள் — எல்லாமே இடது மேலிருந்து வலது கீழாகச் சரிகின்றன. என் கோடு அதற்கு நேரெதிர். நான் வலக்கைக்காரன், என் கை வலது மேலிருந்து இடது கீழாகத்தான் போகும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். நோட்டு முழுக்கத் திருப்பி ஒப்பிட்டேன்.

பிரசோஜோ இடக்கைக்காரன். சாப்பிட, கொடுக்க, வாங்க எல்லாம் எங்கள் ஊர் வழக்கப்படி வலக்கை. பென்சில் மட்டும் இடக்கையில். பெரியவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்களே என்று சந்தையில் ஒளித்து ஒளித்து வரைவான். ஒருநாள் கினெம் அக்கா பார்த்துவிட்டாள். "ஏன் தம்பி, அந்தக் கையாலயா என் மூஞ்சியத் தொடுற? கழுவுனியா இல்லையா?" சுமைக்காரப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவன் காது சிவந்துபோயிற்று.

இவ்வளவும் ஞாபகம் இருக்கிறது. பிறகு படம் மட்டும் எப்படி என்னுடையதாயிற்று? பக்கத்தில் நின்றேனே, அதனாலா? அன்று நானும் வரைந்திருக்கிறேன். அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. அதே படிக்கட்டு, அதே வெளிச்சம். மூட்டை நன்றாக வந்திருக்கிறது. அதன் கீழே யாரும் இல்லை.

ஜூன் 9

ஒன்றும் வரையவில்லை.

ஜூன் 11

ஆதாரம் கிடைத்ததா என்று ரெத்னோ கேட்டாள். கிடைத்தது என்றேன். முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கடிதம் மேசையில்தான் இருக்கிறது. கோடு எந்தப் பக்கம் சாய்ந்தால் பத்திரிகைக்காரனுக்கு என்ன தெரியப் போகிறது? நோட்டு என் கையில். அனுப்பினால் நம்பிவிடுவார்கள். இப்படியும் யோசிக்கிறேனே. ச்சே, என்ன மனுஷன்டா நீ.

ஜூன் 13

கடிதத்தைக் கிழித்தாயிற்று.

கோபம் போகவில்லை. என் அப்பா இறந்து ஏழாம் நாள் பிரார்த்தனைக்கு ஊரே வந்தது, அவன் வரவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நோட்டை உறையில் வைத்து அவன் முகவரியை எழுதினேன். என் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடலாமா என்று கத்தியை எடுத்தேன். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுக் கீழே வைத்தேன். இரண்டையும் அவன் அடுத்தடுத்துப் பார்க்கட்டும்.

மன்னித்துவிடு என்று எழுதப் பார்த்தேன். வரவில்லை. அனுப்புநர் இடம் காலியாகவே இருக்கட்டும். நாளை காலை தபாலில் சேர்த்துவிடுவேன்.