மேசை லாச்சியில் இருந்த புள்ளிக் கொப்பி

அன்புள்ள குலம் அண்ணை,

ஒழுங்குபடுத்தாமல் இவன் ஒன்றும் தொடங்கமாட்டான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். சொல்லவிருப்பவை நான்கு.

1. உங்கள் நினைவுக் கூட்டத்தில் பேசியவர்களுக்கு உங்களைப் பற்றிப் பேசத் தகுதியில்லை.
2. உங்கள் ஸ்கொட்லாந்து இலக்கியப் பாடத்தை மூடவைத்த விசாரணைக் குழுவுக்கு விசாரிக்கத் தகுதியில்லை.
3. அந்த விசாரணைக்குக் காரணம் நான்.
4. விசாரணையில் நீங்கள் வாய் திறக்காமல் இருந்தது கோழைத்தனம்.

நான்காவதை எழுதுவதா விடுவதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இறந்தவரை இப்படிச் சொல்லலாமா? ஆனாலும் எழுதிவிட்டேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மல்கிரேவ் மண்டபத்தில் நடந்தது. எங்கள் பழைய பீடாதிபதி வந்திருந்தார். "இங்கிலாந்தின் இலக்கியத்தை நம் மாணவர்களின் மனதில் பதித்தவர்" என்று உங்களைப் புகழ்ந்தார். ஒரு தடவை என்றால் வாய் தவறியது என்று விட்டுவிடலாம். மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் பலகையில் ஒரு கோடு கீறி, "இதற்கு மேலே ஸ்கொட்லாந்து, கீழே இங்கிலாந்து. கோட்டை மறப்பவர் சித்தியடையமாட்டார்" என்பீர்களே. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு விளங்கிய கோடு, உங்களுக்குச் சம்பளக் கடிதம் எழுதிய மனிதருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பிறகு யாரோ தொலைபேசியில் ஸ்கொட்லாந்துக்காரரின் பாக்பைப் இசை போட்டார். எல்லோரும் எழுந்து நின்றோம். நடுவில் கார்க் காப்புறுதி விளம்பரம் வந்தது. அதற்கும் தலை குனிந்து நின்றார்கள்.

விசாரணைக் குழுவின் மூவரும் இவர்களைவிடத் திறமானவர்கள் அல்லர். எங்கள் துறையில் ஒவ்வொரு விடைத்தாளையும் இருவர் திருத்த வேண்டும். முதலாமவர் போட்ட புள்ளி இரண்டாமவருக்குத் தெரியக்கூடாது. ஸ்கொட்லாந்துக் கட்டுரைகளிலும், படைப்பெழுத்து வகுப்பின் சிறுகதைகளிலும், வருடக்கணக்காக உங்களுக்கும் எனக்கும் இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. கணினி அதைக் காட்டியது. அந்தக் கதைகளில் ஒன்றையேனும் அவர்கள் படிக்கவில்லை. "இரண்டு தமிழர். உறவுக்காரராக இருக்கும். வீட்டில் பேசி வைத்துப் போடுகிறார்கள்" என்று குழுவில் ஒருவர் சொன்னாராம். நான் உங்களை அண்ணை என்று கூப்பிடுவதைத் தவிர எங்களுக்குள் உறவில்லை; அதை எங்களிடம் கேட்கும் சிரமத்தைக்கூட எடுக்கவில்லை. மூடர்களை என்னால் பொறுக்க முடியும். மூடர்கள் பாதி சரியாக இருந்ததுதான் பொறுக்கவில்லை.

இனி மூன்றாவது. நீங்கள் புள்ளிகளை ஒரு நீலக் கொப்பியில் எழுதி, நாங்கள் இருவரும் இருந்த அறையில் உங்கள் மேசை லாச்சிக்குள் வைப்பீர்கள். நீங்கள் வகுப்புக்குப் போனதும் நான் லாச்சியைத் திறப்பேன். உங்கள் புள்ளியைப் பார்த்துத்தான் என் புள்ளியைப் போடுவேன்: ஒரு விடைத்தாளுக்கு ஒரு புள்ளி கூட்டுவேன், அடுத்ததற்கு இரண்டு குறைப்பேன், அதற்கடுத்ததை அப்படியே விடுவேன். சந்தேகம் வராமல் இருக்க இதற்கும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். ஒரு கதை நல்லதா என்று தனியாகச் சொல்ல எனக்குப் பயம். இலக்கியம் படிப்பித்தவனுக்கு இதைவிட இழிவு உண்டா?

விசாரணை வந்தது. பாடத்துக்குப் பொறுப்பானவர் நீங்கள் என்பதால் பழியும் உங்களுக்கு. "நம்பத்தகாத மதிப்பீடு" என்று எழுதி ஸ்கொட்லாந்தை உங்களிடமிருந்து பறித்தார்கள். அடுத்த வருடம் பாடமே இல்லை. நான் ஓய்வுபெறும்வரை அதே அறையில், அதே கதிரையில் இருந்தேன். ஞாயிறன்று உண்மையை எழுதிய தாள் என் சட்டைப்பையில் இருந்தது. மேடை ஏறி, "குலம் அண்ணை நேரம் தவறாதவர்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஆனால் நீங்கள்? "எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை" என்று குழுவிடம் சொன்னீர்கள். ஒரு மறுப்புக்கூட இல்லை. நானாவது பயந்தவன் என்று ஊருக்கே தெரியும். உங்களைத் துணிந்தவர் என்று நம்பியிருந்தேன். அன்றிலிருந்து உங்களை உள்ளுக்குள் இகழ்ந்துகொண்டுதான் உங்கள் வீட்டில் தேநீர் குடித்தேன்.

இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன். நேற்றுப் பின்னேரம் உங்கள் மகள் வாணி வந்தாள். கூட்டத்துக்கு எங்களிடம் வாங்கிய பெரிய தேநீர்க் கேத்திலைத் திருப்பித் தர வந்தவள், குசினியிலேயே இருந்து கதைத்தாள்.

"அங்கிள், டீன் என்ன இங்கிலாந்து இங்கிலாந்து எண்டு நிண்டவர்? அப்பா கேட்டிருந்தா எழும்பிப் போயிருப்பார்."

"உம்மட அப்பா எழும்பியிருக்கமாட்டார், பிள்ளை. என்குவாரியிலயே வாய் திறக்காத ஆள்."

அவள் கேத்திலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "திறந்திருந்தா உங்கட பேரெல்லோ வந்திருக்கும்?"

நான் கேத்திலை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன்.

"அப்பாவுக்குத் தெரியும், அங்கிள். மார்க்ஸ் புக்கை ஒவ்வொரு நாளும் ஆரோ இடம் மாத்தி வைக்கினம் எண்டு முதல் வருசமே கண்டிட்டார். என்குவாரி வரேக்க அம்மா நல்லாப் பேசினவா, போய்ச் சொல்லுங்கோ எண்டு."

"அதுக்கு என்ன சொன்னவர்?"

"'அவன் பாக்காமப் போட்டாலும் இதைத்தான் போட்டிருப்பான். பயத்தில ஒருக்காச் சரிபாக்கிறான், அவ்வளவுதான். இப்ப சொன்னா அவன்ர வேலை போயிடும்' எண்டார்."

பிறகு அவள் மெதுவாக, "இட்ஸ் ஓகே, அங்கிள்" என்றாள். ஓகே இல்லை, அண்ணை. பார்க்காமல் போட்டிருந்தால் அதே புள்ளியைத்தான் போட்டிருப்பேனா? ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காதவனுக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்த பிறகும் நீங்கள் ஏன் லாச்சியைப் பூட்டவில்லை?

இந்தக் கடிதத்தின் மூன்றாவது விடயத்தைத் தனியாக ஆங்கிலத்தில் எழுதி, என் முழுப் பெயரைப் போட்டு, திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். உங்கள் மதிப்பீட்டில் பிழை இருக்கவில்லை என்று அவர்கள் எழுதித் தரும்வரை போய்க்கொண்டிருப்பேன்.

நான்காவதாகச் சொன்னது பிழை.

உங்கள் தம்பி,
சதாசிவம்