படத்தின் ஓரத்தில் ஒரு நிழல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

இரண்டு வருடமாக நீ தினமும் நடக்கப் போகும்போது எடுத்த ஒரு படம் அனுப்புகிறாய். நான் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறேன். நம் பழைய சண்டையை இங்கே எடுக்கப் போவதில்லை.

போன வாரம் உன் படம் ஒன்றைப் போட்டதுபோல், நேற்று உன் ஓட்டை இலைப் படத்தை வகுப்பில் திரையில் போட்டேன். என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு: நான் பதில் சொல்லக் கூடாது, பிள்ளைகள்தான் படத்திலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும். இலையைத் தின்றது புழுவா நத்தையா என்று அரை மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். பிறகு பள்ளித் தோட்டத்துக்கே ஓடிப்போய் இலை இலையாகப் புரட்டினார்கள், எப்போதும் கொட்டாவி விடும் கடைசி பெஞ்ச் உட்பட. அதற்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். மனசு நிறைந்து கிடக்கிறது.

ஆனால் வகுப்பின் வாயாடி, படத்தின் ஓரத்தில் விழுந்திருந்த உன் நிழலைப் பிடித்துக்கொண்டாள்.

"இலையில பனி காயல மிஸ், நிழலும் நீளமா இருக்கு. அப்போ விடிஞ்சதுமே போயிருக்காங்க. போன வாரப் படத்துலயும் ஒரே நிழல்தான். ஏன் கூட யாரும் போறதில்ல?"

நல்லவேளை, என் சட்டம் என்னைக் காப்பாற்றியது. பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வந்துவிடுகிறேன், எனக்காகக் கொஞ்சம் நில். திங்கட்கிழமை அவளுக்குக் காட்ட, இரண்டு நிழல் விழுந்த படம் ஒன்று வேண்டும்.

உன் அக்கா